எழுதி வாங்கிய இல்லம்

மனிதர்கள் அமைதி பெறும் இடமாக இல்லங்களை ஆக்கித் தந்திருப்பதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹ் திருக்குர்ஆனில் (16:80) எடுத்துரைக்கின்றான். வெயிலையும் மழையையும் தடுக்கும் நான்கு சுவர்களால் மட்டும் அந்த அமைதி கிட்டிவிடாது. ‘இவ்விடம் எவருடைய உரிமையையும் பறித்துப் பெற்றதன்று, நாளை எவரும் வந்து எம்மை எழுப்பிவிட முடியாது’ என்னும் உறுதி உள்ளத்தில் இருக்க வேண்டும். அவ்வுறுதி எழுத்தினால் வருகின்றது. முதன்முதலாக வீடு வாங்கும் குடும்பங்கள் பணத்தைத் திரட்டுவதில் காட்டும் அக்கறையை, எழுதிக்கொள்வதில் காட்டுவதில்லை.

வடசென்னையின் வியாசர்பாடியில் சொந்த வீடு என்பது எளிதில் கைகூடும் பொருளன்று. துறைமுகத்திலும், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும், 1996-ஆம் ஆண்டு மூடப்பட்ட பி அண்டு சி ஆலையிலும் உழைத்தவர்கள் வாழ்ந்த பகுதி இது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் இங்கே குடியமர்ந்தன. அந்நாட்டில் கடைகளும் வாணிபமும் அரசுடைமையாயின; 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆக்கப்பட்டன. கையிலிருந்த செல்வம் ஓர் ஆணையினால் வெறும் தாளாகிப் போனதைக் கண்டு கப்பலேறியவர்கள், தம் பெயரில் ஓர் இருப்பிடம் வேண்டும் என ஏங்கியதில் வியப்பில்லை.

இத்தகைய குடும்பங்களுக்கு அரசின் வாரியங்கள் துணை நின்றன. 1961-இல் அமைந்த தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் மகாகவி பாரதி நகரை உருவாக்கியது. 1970-இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் (2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) அடுக்குக் குடியிருப்புகளை எழுப்பியது. 1977-இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், அருகிலுள்ள கொடுங்கையூரில் சிறு மனைகளைத் தவணை முறையில் வழங்கியது. இன்று இப்பகுதியில் முதல் வீடு தேடுவோர் பலர், இவ்வாறு ஒதுக்கப்பட்ட வீட்டையோ மனையையோ இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்குகின்றனர். இடர் தொடங்குவதும் இங்கேதான்.

விற்பவரோடு எழுதுவது

வாரியத்தின் வீட்டை ஒதுக்கீடாகப் பெற்றவர், தவணைகள் அனைத்தையும் செலுத்திக் கிரயப் பத்திரம் பெறும்வரை அதன் உரிமையாளர் ஆகமாட்டார். அவர் கையிலிருப்பது ஒதுக்கீட்டு ஆணையும் பணம் கட்டிய ரசீதுகளுமே. அவற்றை வாங்கிக்கொண்டு, முத்திரைத்தாளில் நான்கு வரி எழுதி, தெரிந்தவர் இருவரைக் கையொப்பமிடச் செய்து, சாவியைப் பெற்றுக் குடியேறிவிடுவோர் உள்ளனர். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்படவேண்டும் என்பது நாட்டின் சட்டம். ‘பவர்’ எனப்படும் அதிகாரப் பத்திரத்தினாலும் வெறும் ஒப்பந்தத்தினாலும் வீட்டின் உரிமை கைமாறாது என உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் பொதுவாக முடிந்துபோகும். பின்னர் அவருடைய மக்கள் வந்து, ‘எம் தந்தையார் வீடு’ என உரிமை கோரினால், இருபது ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்தவர் எதைக் காட்டுவார்?

ஆகவே ஒதுக்கீட்டு ஆணையோடு வாரியத்தின் நிலுவையில்லாச் சான்றும், வாரியம் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரமும் விற்பவரிடம் உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். தனியார் மனையாயின் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அந்நிலம் வக்ஃபு சொத்தா என்பதையும் விசாரித்தல் வேண்டும். பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக்கொண்டவரின் கழுத்தில், மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையின் கருத்தாகும்.

விற்பவர்க்கும் கடமை உண்டு. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அவ்வாணிபத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் அது துடைத்தெறியப்படும் என்னும் பொருளுடைய நபிமொழியை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வியாசர்பாடியில் வீட்டின் பெருங்குறை தண்ணீரே. கேப்டன் காட்டன் கால்வாய் ஊடே செல்லும் தாழ்வான பகுதி இது; பெருமழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை நீரில் மூழ்குவதை அனைவரும் அறிவர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வீட்டினுள் எவ்வளவு உயரம் நீர் நின்றது என்பதை, வாங்குபவர் கேட்கும் முன்பே விற்பவர் சொல்லிவிட வேண்டும். புதிதாகச் சுண்ணாம்பு பூசி ஈரத்தின் தடத்தை மறைத்து விற்பது, கலப்படப் பண்டத்தை விற்பது போன்றதேயாகும்.

கடன் கொடுப்பவரோடு எழுதுவது

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று சிந்திக்க வேண்டும். தொழுகை பற்றியதன்று, நோன்பு பற்றியதன்று. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்வது பற்றியது அது (2:282). கடன் பெறுபவரே வாசகம் சொல்ல வேண்டும்; சாட்சிகளை அமைத்துக்கொள்ள வேண்டும்; தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சோர்வு கொள்ளலாகாது; எழுதுபவருக்கோ சாட்சிக்கோ தொல்லை தரலாகாது என அது நுணுக்கமாக வழிகாட்டுகின்றது. ‘அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு?’ என்னும் கூச்சத்துக்கு அவ்வசனத்தில் இடமில்லை. எழுதுவது நம்பிக்கையின்மையின் அடையாளமன்று. மறதிக்கும் மரணத்துக்கும் எதிராக இருவருக்கும் வைக்கப்படும் காவல் அது.

வட்டியின்றி வீட்டுக் கடன் பெறும் வழி நம் நாட்டின் வங்கிகளில் இல்லை. வட்டியில்லா வங்கிச் சேவையை 2008-இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. எனினும் இஸ்லாமிய வங்கி முறையைத் தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி முடிவு செய்தது 2017-இல் வெளியாயிற்று. மலேசியாவில் 1983 முதல் இஸ்லாமிய வங்கி இயங்குகின்றது. அம்முறையில் வங்கியே வீட்டை வாங்கி, ஆதாயம் சேர்த்த நிலையான விலைக்குக் குடும்பத்துக்கு விற்கின்றது. இரண்டு விற்பனை நிகழ்வதால் முத்திரைத் தீர்வையும் இருமுறை செலுத்த நேரும். பிரிட்டன் 2003-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தினால் அந்த இரட்டைச் சுமையை நீக்கியது. தமிழகத்தில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆக 9 விழுக்காடு என்றாயிற்று. அதை இருமுறை செலுத்துவது ஏழைக் குடும்பத்துக்கு இயலாத காரியம். ‘ஏன் நம்மவர்கள் வேறு வழி காண்பதில்லை?’ என வினவுவோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் கதவுகள் அனைத்தும் அடைபட்டுவிடவில்லை. மதீனாவில் நடந்த ஒரு வீட்டு விற்பனை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள், ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்துள் இருந்த தம் இரு அறைகளை அவரிடமே விற்க முன்வந்தார்கள். நாலாயிரம் திர்ஹத்துக்கு மேல் தர இயலாது; அதையும் தவணையாகவே தர முடியும் என்றார்கள் ஸஅத் (ரலி). வேறொருவர் 500 தீனார் தர முன்வந்திருந்தும், அண்டை வீட்டாருக்கே முன்னுரிமை என நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டிருந்தமையால், குறைந்த விலைக்கும் தவணைக்கும் இணங்கி அபூ ராஃபிஉ (ரலி) விற்றுவிட்டார்கள்.

உரிமையாளரிடமே நேராகத் தவணையில் வாங்குவதற்கு இதனினும் நல்ல முன்மாதிரி வேண்டுமோ? ரொக்க விலையினும் தவணை விலை கூடுதலாயினும், ஒப்பந்தத்தின்போதே ஒரே விலை உறுதியாகிவிட்டால் அவ்வாணிபம் கூடும் என்பது மார்க்க அறிஞருள் பெரும்பாலோர் கருத்து. தவணை தவறியதற்காகத் தொகையைக் கூட்டுவதே வட்டியாகும். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தருமாறு இறைவன் (2:280) கூறுகின்றான். மொத்த விலை, தவணையின் அளவு, நாள்கள், கிரயம் முடிக்கும் காலம் ஆகிய அனைத்தையும் ஒப்பந்தத்தில் எழுதி, அவ்வொப்பந்தத்தையும் பதிவு செய்துகொள்ளல் நலம்.

உறவினரும் நண்பரும் தரும் அழகிய கடனையும் இவ்வாறே எழுதிக்கொள்ள வேண்டும். கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நாயகம் (ஸல்) அவர்கள் முன்வராது தோழர்களையே தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தாம் தொழவைத்தார்கள். எழுதப்படாத கடனுக்கு எவர் பொறுப்பேற்பார்? எவ்வளவு என்றுகூட எவருக்கும் தெரியாதே!

வீட்டாருக்குள் எழுதுவது

முதல் வீட்டின் விலையில் பெரும்பாலும் ஒரு பங்கு, இல்லத்தரசியின் நகையாக இருக்கும். மஹராகப் பெற்றதும் தாய்வீட்டார் போட்டதும் அடகுக்கோ விலைக்கோ போய்ச் சேரும். பத்திரமோ கணவர் பெயரில் எழுதப்படும். அவர் வாழும்வரை இதனால் தொல்லை எழாது. அவர் கண்மூடிய பின் நிகழ்வதை ஒரு கணக்கினால் விளக்கலாம்.

வீட்டின் மதிப்பு 24 லட்சம் ரூபாய். அதில் மனைவியின் நகைப்பணம் 6 லட்சம். வாரிசுகள் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டும் எனக் கொள்வோம். நகைப்பணம் எங்கும் எழுதப்படவில்லையாயின், 24 லட்சமும் கணவரின் சொத்தாகவே பங்கிடப்படும். மனைவிக்கு எட்டில் ஒரு பங்காக 3 லட்சமும், மகனுக்கு 14 லட்சமும், மகளுக்கு 7 லட்சமும் சேரும். ஆறு லட்சம் கொடுத்தவருக்கு மூன்று லட்சமே கிட்டுகின்றது! அதனைக் கடனாக எழுதியிருந்தால், பாகப்பிரிவினைக்கு முன் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்னும் இறைக்கட்டளைப்படி (4:11) முதலில் 6 லட்சம் அவருக்குச் சேரும். எஞ்சிய 18 லட்சத்தில் எட்டில் ஒன்றாக 2,25,000 ரூபாயும் கிட்டும். ஆக 8,25,000 ரூபாய். மகனுக்கு 10,50,000 ரூபாயும், மகளுக்கு 5,25,000 ரூபாயும் உரியவாகும். மார்க்கம் மனைவியின் உரிமையைக் குறைத்துவிடவில்லை. நாம் எழுதாமல் விட்டதே குறைத்தது.

மனைவி மனமுவந்து கொடுத்ததைக் கணவர் ஏற்றுக்கொள்ளத் தடையில்லை (4:4). ஆனால் கொடுத்தது அன்பளிப்பா, கடனா, வீட்டில் பங்கா என்பதை அவரிடமே கேட்டு எழுதுவதில் என்ன இழுக்கு? கூட்டாகக் கிரயம் செய்து, பத்திரத்திலேயே அவரது பங்கைக் குறிப்பது மிகவும் எளிது. பெண்கள் பெயரில் வாங்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைப்பைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் முதல் நாளிலிருந்து வழங்கியது. வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் தம்பிக்கும், பணிக்கொடையைத் தந்த தந்தைக்கும் இந்நெறியே பொருந்தும்.

நாயகம் (ஸல்) அவர்கள் 622-இல் மதீனா வந்தடைந்து, அபூ அய்யூப் அல்-அன்சாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கியிருந்தார்கள். பள்ளிவாசல் எழுப்புவதற்குத் தேர்ந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்க்கு உரியது. விலை வேண்டா, அன்பளிப்பாகவே தருகின்றோம் என்றனர் சிறுவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை, விலைகொடுத்தே வாங்கினார்கள். அருகில் அவர்களின் எளிய இல்லங்களும் எழுந்தன. கேட்டால் கொடுத்துவிடக்கூடிய எளியவரிடமிருந்தும் விலையின்றிப் பெறலாகாது என்பதே மதீனாவின் முதல் நிலக்கிரயம் நமக்குத் தரும் பாடம்.

புதுவீடு புகும் நாளில் பால் காய்ச்சுவதும், மௌலவியை அழைத்து துஆ ஓதுவதும், உறவினர்க்கு விருந்தளிப்பதும் நம் இல்லங்களில் வழக்கம். அந்நாளுக்கு முன்பே விற்றவருடைய உரிமை, கடன் தந்தவருடைய உரிமை, நகை தந்தவளுடைய உரிமை ஆகிய மூன்றும் தாளில் ஏறிவிட்டனவா என ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக. ஐயமுள்ள இடத்தில் ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டுத் தெளிவோமாக. சிறிதாயினும் பிறர் உரிமை கலவாத இல்லத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.