ஆறு லீவருக்கு என்ன கூலி?

திண்டுக்கல் பூட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சில உலோகத் தகடுகள், அவற்றை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள், குறுக்கே ஓடும் ஒரு தாழ். அந்தத் தகடுகளுக்குத்தான் லீவர் என்று பெயர். ஒவ்வொரு லீவரிலும் ஒரு சிறு வாசல் வெட்டியிருக்கும். தாழில் துருத்தி நிற்கும் முளை எல்லா வாசல்களிலும் ஒரே நேரத்தில் நுழைந்தால்தான் தாழ் நகரும். சாவியின் பற்கள் ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கி, வாசல்களை ஒரே வரிசைக்குக் கொண்டுவருகின்றன. ஒரு லீவர் தாழ்ந்து நின்றாலும் திறக்காது, கூடுதலாக உயர்ந்தாலும் திறக்காது. இரண்டு பக்கமும் தடுக்கும் இந்த அமைப்புக்கு 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் காப்புரிமை பெற்றார். திண்டுக்கல் நாகல் நகர் போன்ற பகுதிகளில் அரமும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்கள் பூட்டுக்குள் வைப்பது இதே தத்துவத்தைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு லீவருக்கும் ஐந்து உயரங்களில் ஏதோ ஒன்றுதான் சரியான உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே லீவர் உள்ள பூட்டுக்கு ஐந்து விதமான சாவிகள் சாத்தியம். இரண்டு லீவர் என்றால் 25. நான்கு என்றால் 625. ஆறு என்றால் 15,625. நான்கு லீவர் பூட்டை ஆறு லீவராக்கத் தொழிலாளி கூடுதலாக அராவ வேண்டியது இரண்டே இரண்டு தகடுகள். லீவர் வேலை பாதியளவு கூடுகிறது. ஆனால் பொருந்தக்கூடிய சாவிகளின் எண்ணிக்கை 25 மடங்காகிவிடுகிறது. நடைமுறையில் சில சேர்க்கைகளைத் தவிர்ப்பார்கள், எண் கொஞ்சம் குறையும். ஆனால் வேலை கூட்டல் கணக்கில் வளர, பலன் பெருக்கல் கணக்கில் வளர்வது மாறாது.

கைத்திறனைச் சேர்த்தால் இந்தக் கணக்கு இன்னும் வியப்பாகிறது. லீவரை ஐந்து மில்லிமீட்டர் வரை தூக்கலாம் என்று கொள்வோம். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு படி என்று அராவத் தெரிந்த கைக்கு ஐந்து உயரங்கள் கிடைக்கும். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பிசகாமல் அராவத் தெரிந்த கைக்குப் பத்து. ஆறு லீவரில் முதல் கை 15,625 சாவிகளைப் பிரித்துக் காட்டும். இரண்டாவது கை பத்து லட்சம் சாவிகளை. துல்லியம் இரண்டு மடங்கு, பலன் 64 மடங்கு. நேரம்? தேர்ந்த கைக்கு அதேதான் ஆகும், ஒருவேளை குறைவாகவும் ஆகலாம். அந்த அரை மில்லிமீட்டரைக் கைக்குள் கொண்டுவரப் பிடித்த வருடங்களை எந்தக் கடிகாரமும் பில்லில் சேர்ப்பதில்லை.

அதனால்தான் மணிக்கணக்கில் கூலி என்பது தேர்ந்த கைக்கு அநியாயம் என்கிறேன். கற்றுக்குட்டி ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டி ஒரு பூட்டை முடித்தால் ஒரு நாள் கூலி. கை தேர்ந்தவர் மதியத்துக்குள் அதைவிட நல்ல பூட்டை முடித்தால் அரை நாள் கூலி. கற்றுக்கொண்டதற்கு அபராதம் போடும் முறை இது.

இதில் வாங்குபவர்களாகிய நமக்கும் பங்கு இருக்கிறது. ஜஸ்டின் குரூகர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே கவிதையை இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். எழுத 4 மணி நேரம் ஆனது என்று ஒரு குழுவிடமும், 18 மணி நேரம் ஆனது என்று மற்றதிடமும் சொன்னார்கள். 18 மணி நேரம் என்று கேட்டவர்கள் அதே கவிதையை இன்னும் நல்லது என்று மதிப்பிட்டார்கள். ஒரு பொருளின் தரத்தைக் கண்ணால் கணிப்பது கடினமாகும்போது இந்த மயக்கம் கூடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். பூட்டு அப்படிப்பட்ட பொருள்தான். அதன் தரம் முழுவதும் மூடிய உறைக்குள் இருக்கிறது. பூட்டு ரிப்பேர்க்காரர் இரண்டு நிமிடத்தில் திறந்துவிட்டால் "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறோம். அவரே அரை மணி நேரம் வியர்த்திருந்தால் பேசாமல் கொடுத்திருப்போம்.

சரி, உருப்படிக் கூலி கொடுத்தால்? திண்டுக்கல் பட்டறைகளில் வெகுகாலமாகப் பழகிய வழி அதுதான். பூட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. இதன் பலத்தை அமெரிக்காவில் சேஃப்லைட் என்ற கார் கண்ணாடி நிறுவனத்தில் அளந்தார் பொருளியலாளர் எட்வர்ட் லசியர். மணிக்கூலியிலிருந்து உருப்படிக் கூலிக்கு மாறியதும் ஒரு தொழிலாளியின் வேலை அளவு 44 சதவீதம் உயர்ந்தது. ஆனால் அங்கே ஒரு பாதுகாப்பு இருந்தது. சரியாகப் பொருத்தாத கண்ணாடி சீக்கிரமே உடைந்துவிடும். யார் பொருத்தியது என்பதும் தெரிந்துவிடும். பூட்டில் அப்படி இல்லை. அரை மில்லிமீட்டர் அசட்டையாக விட்ட லீவர், பொருந்தக் கூடாத ஒரு சாவி வந்து பொருந்தும் வரை வாயே திறக்காது. குறை வெளியே தெரியாத பொருளுக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கூலி கொடுத்தால், நுணுக்கமாக அராவுகிறவர்தான் நஷ்டப்படுவார். தரம் கண்ணுக்குத் தெரியாத சந்தையில் மலிவானது நல்லதை விரட்டிவிடும் என்று 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதினார். அந்த ஆய்வுக்காகப் பின்னாளில் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அலிகரின் இயந்திரப் பூட்டுகளோடும் சீனப் பூட்டுகளோடும் போட்டியிட்டுத் திண்டுக்கல் தேய்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

வேலையின் மதிப்பை வைத்து விலை சொல்லலாம் என்றால், அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாது என்று பேர்பெற்ற சப் நிறுவனத்தின் லீவர் பூட்டைச் சுமார் 25 நிமிடங்களில் திறந்தார். அடுத்து, வேறு வகையில் அமைந்த பிராமா பூட்டு. திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அந்த நிறுவனம் பல பத்தாண்டுகளாக அறிவித்து வைத்திருந்தது. ஹாப்ஸ் 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில் அதையும் திறந்து பரிசை வாங்கினார். மணிக்கணக்கில் பார்த்தால் முதல் வேலை இரண்டாவதில் 122-இல் ஒரு பங்குதான். ஆனாலும் அந்த 25 நிமிடங்கள் ஒரு நிறுவனத்தைத் தன் பூட்டையே திருத்தி அமைக்க வைத்தன. மறுபக்கம், பிராமா பூட்டுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஹாப்ஸாலும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது. அவரால் திறக்க முடியாமல் போயிருந்தால் 51 மணி நேரமும் வீண். அன்றாடக் கூலியில் அடுப்பெரிக்கும் தொழிலாளியிடம் இப்படிப் பந்தயம் கட்டச் சொல்லக் கூடாது. முடிவு தெரியாத வேலைக்கு நேரக் கணக்கே நியாயம்.

மதிப்பு என்ற பெயரில் இன்னொரு தவறும் நடக்கும். உள்ளே குழந்தை மாட்டிக்கொண்டு வெளியே தாய் தவிக்கும்போது, அந்தக் கதவைத் திறப்பதன் மதிப்புக்கு அளவே கிடையாது. அங்கே ஐயாயிரம் கேட்பவர் கேட்பது திறமைக்கான விலையை அல்ல, தவிப்பின் விலையை. விலை கையின் நுணுக்கத்தைப் பின்தொடர வேண்டும், எதிரே நிற்பவரின் நெருக்கடியை அல்ல.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். அடித்தளமாக நாள் கூலி இருக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே, உருப்படிக்கென்று தனிக் குறைந்தபட்சக் கூலி வகுக்கப்படாத இடத்தில் நேரக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது. அதற்கு மேல், பூட்டுகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக லீவர்களின் எண்ணிக்கையும் துல்லியமும் கூலியைத் தீர்மானிக்கட்டும். ஆறு லீவர் பூட்டுக்கு நான்கு லீவர் பூட்டின் ஒன்றரை மடங்கு கூலி என்று முடித்துக்கொள்வது போதாது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கிறது. அராவிய கைக்கு உரிய விலை தானாக வந்து சேராது.

அதில் வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை திண்டுக்கல் பூட்டு வாங்கப் போனால் எடையைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை லீவர் என்று கேளுங்கள். அதே வகைப் பூட்டுகளின் நாலைந்து சாவிகளை வாங்கிப் போட்டுத் திருகிப் பாருங்கள். ஒன்றுகூடத் திறக்கவில்லை என்றால், சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.