மெட்ராஸ் பெற்ற ஹெரால்டு

கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு பியட், மெட்ராஸுக்கு ஸ்டாண்டர்டு. 1960களில் இந்தியாவில் புதுக் கார் வாங்க நினைத்த குடும்பத்துக்குக் கிடைத்தவை ஏறக்குறைய இந்த மூன்றுதான். அதற்கும் முன்பணம் கட்டிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். அம்பாசடருக்கு மந்திரிகளும் டாக்ஸிக்காரர்களும் சேர்ந்து சாகாவரம் கொடுத்துவிட்டார்கள். பியட்டைப் பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகள் காப்பாற்றின. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டைத்தான் சொந்த ஊர்க்காரர்களே மறந்துபோனார்கள். இன்று வண்டலூர் என்றால் புலியும் ஒட்டகச்சிவிங்கியும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

பழைய வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் பட்டறையில் கதை வேறு. முதன்முதலாக ஒரு காரை முழுசாகக் கழற்றிச் சேர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டைவிடத் தோதான வண்டி அமைவது கஷ்டம். இதற்கு அந்தக் கம்பெனியின் தொலைநோக்கு காரணமில்லை. ஹெரால்டு உருவான நேரத்தில் நேர்ந்த ஒரு நெருக்கடிதான் காரணம்.

இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனி தன் கார்களுக்கான கூட்டை வெளியே செய்து வாங்கிக்கொண்டிருந்தது. செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. புது மாடலுக்கு முழுக் கூட்டைச் செய்துகொடுக்க ஆளில்லை. அப்போது உலகமே அடிச்சட்டமும் கூடும் ஒன்றாகச் சேர்ந்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஹெரால்டோ ஒரு தலைமுறை பின்னால் போய்த் தனிச் சேசிஸைக் கையில் எடுத்தது. கூட்டைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, சேசிஸ்மேல் போல்ட்டுப் போட்டு முடுக்கினார்கள். இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்துகொடுத்த உருவம் அழகாக இருந்ததால் ஒட்டுவேலை கண்ணில் படவில்லை. 1959-இல் அங்கே ட்ரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

மெட்ராஸில் யூனியன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதற்கு முன்பே வான்கார்டு முதலான கார்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 1961-இல் ஹெரால்டும் இங்கே வந்தது, ட்ரயம்ப் என்ற பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டாக.

இந்த வண்டியின் பானட்டைத் திறக்கும் விதமே தனி. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால் மூடி மட்டும் வராது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து கார் முகமே முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டியரிங் கம்பி, சஸ்பென்ஷன் எதுவும் மறைவில்லை. மெக்கானிக் முன் டயர்மேல் சாவகாசமாக உட்கார்ந்து பிளக்கைக் கழற்றலாம். மற்ற கார்களில் தலைகீழாகத் தொங்கிச் செய்யும் வேலையை இதில் டீ குடித்துக்கொண்டே செய்யலாம். ஸ்டியரிங்கை அசாத்தியமாக ஒடிக்கலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும்.

வாங்கியவர்கள் இதற்கெல்லாம் மயங்கினார்களா என்றால், இல்லை. 948 சி.சி. எஞ்சின், அப்பா அம்மா நாலு பிள்ளைகள் பாட்டி பெட்டி படுக்கை என்று ஏறும் நம் குடும்பத்துக்குப் போதவில்லை. பின்சக்கரங்கள் வேறு ஒரு தொந்தரவு. குறுக்கே போட்ட ஒற்றைப் பட்டை ஸ்பிரிங், அதோடு தனித்தனியே ஏறி இறங்கும் அரை அச்சுகள். வளைவில் வேகமாகத் திருப்பினால் சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். நம் ஊர்ச் சாலைக்கும் நம் மெக்கானிக்குகளுக்கும் இது ஒத்துவரவில்லை. பழுது பார்க்க வசதி என்பது ஷோரூமில் எடுபடுகிற விஷயமும் அல்ல.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. இரண்டு கதவு காரில் பின்ஸீட்டுக்குப் போக முன்ஸீட்டை மடக்கிப் புடவையோடு நுழைய வேண்டியிருந்ததால், நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். பிரிட்டனில்கூட அப்படி ஒன்று விற்பனைக்கு வந்ததில்லை. 1968-இல் வந்த மார்க் 3 இந்தியாவுக்கென்றே ஆனது. 1972-இல் வந்த கெஸல், அந்தப் பின் அச்சைத் தூக்கிவிட்டு வழக்கமான ஒரே அச்சைப் போட்டுக்கொண்டது. எஞ்சின் என்னவோ அதே 948-தான். 1977-இல் கார் தயாரிப்பு நின்றது.

1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்று வந்ததைச் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். ரோவர் எஸ்.டி.1 என்ற ஒய்யாரமான பிரிட்டிஷ் காரின் கூட்டுக்குள், வான்கார்டு காலத்து 1,991 சி.சி. எஞ்சினை வைத்த வண்டி அது. மாருதி 800 வந்து ஊரே சின்னக் கார் பக்கம் சாய்ந்திருந்த நேரம். 1988-இல் தொழிற்சாலைக் கதவு மூடப்பட்டது. மிஞ்சிக் கிடந்த உதிரிபாகங்களைப் பல வருஷம் கழித்து இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே எஸ்.டி.1 வைத்திருப்பவர்களுக்கு அது புதையல்.

இப்போது ஒரு ஹெரால்டு கைக்கு வந்தால் என்ன செய்வது? முதலில் கழற்ற வேண்டியது போல்ட்டை அல்ல, அவசரத்தை. கூடு துண்டுகளாக இருப்பதால் எளிதாகக் கழன்றுவிடும், திரும்பச் சேர்ப்பதில்தான் சிக்கல். சேசிஸுக்கும் கூட்டுக்கும் நடுவே ரப்பர் துண்டுகளும் மெல்லிய தகடுகளும் இருக்கும். எந்த இடத்தில் எத்தனை என்று குறித்துவைக்காமல் எடுத்தால், கடைசியில் பானட்டுக்கும் கதவுக்கும் இடையே மேலே அரை விரல், கீழே ஒரு விரல் என்று சந்து விழும். பட்டி பூசி மறைக்கிற சமாசாரம் அல்ல அது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டி, கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி கழற்றுவதுதான் விவரம் தெரிந்தவர்களின் வழி. அதற்கும் முன்னால் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. சொத்தென்று கேட்டால் உள்ளே துரு தின்றுவிட்டது, வெல்டிங் செலவு நிச்சயம்.

இன்னொன்று உயிர்ச் சமாசாரம். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிப்பகுதி, மரை போட்டு ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். ட்ரனியன் என்று பெயர். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் திரும்பும். அதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கன்னும் கையுமாக எல்லா நிப்பிளிலும் அடித்துப் பழகியவர் இங்கேயும் கிரீஸையே அடித்துவிடுவார். கிரீஸ் மரையின் இடுக்குக்குள் சரியாக இறங்காது. தண்ணீர் புகும், துரு பிடிக்கும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். மெதுவாகப் போய்க்கொண்டு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது அப்படி ஆனால் வண்டிக்குச் சேதத்தோடு போகும். ஜி.எஸ்.டி. சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஆனால் அப்படிச் சொல்ல முடியாது.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும், எஞ்சின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் பம்பின் உள்சவ்வும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. புதுக் காலத்து ரப்பரில் அவற்றை மாற்றிவிடுவது நல்லது. கசிந்து சூடான எஞ்சின்மேல் சொட்டும்வரை காத்திருக்கக் கூடாது.

காகித வேலையில் இரண்டு வழி உண்டு. 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டியை 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது மாதிரியான காரியங்களுக்குத்தான் சாலையில் இறக்கலாம். தினசரி ஓட்டம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை போய் டிபன் சாப்பிட்டு வர நினைப்பவர் சாதாரண ஆர்.சி.யையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வார். முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது, பிறகு இன்னும் ஏறியிருக்கிறது.

உதிரிபாகங்களுக்குப் பாதிக் கஷ்டம்தான். ஹெரால்டின் சேசிஸ் வம்சத்தில்தான் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் போன்ற ட்ரயம்ப் கார்களும் வந்தன. இங்கிலாந்தில் அவற்றை ஓட்டுகிறவர்கள் இன்னும் ஏராளம். அதனால் ட்ரனியன், பிரேக் சிலிண்டர், கார்பரேட்டர் கிட் எல்லாம் அங்கே புதிதாகவே கிடைக்கின்றன. முழுக்க இந்தியப் பாகங்களால் செய்வதாக ஒருகாலத்தில் மார்தட்டிக்கொண்ட காருக்கு, இப்போது சுங்கம் கட்டி பார்சல் வரவழைக்க வேண்டியிருக்கிறது. மெட்ராஸ்காரர்கள் நான்கு கதவாக்கிய மாடல் என்றால் மட்டும் அந்தப் பாக்கியமும் இல்லை. அதன் பின்கதவு உலகத்தில் வேறெங்கும் அடிக்கப்படவில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால், எங்கோ தோப்பில் பாழாகிக் கிடக்கும் இன்னொரு நான்கு கதவு ஹெரால்டை அந்த இரண்டு கதவுகளுக்காக முழுசாக விலைபேச வேண்டும். அதுவும் அமையாவிட்டால் நல்ல டிங்கர் ஒருவரைப் பிடித்து, பழைய கதவைக் கீழ்ப்பாதியில் அறுத்துப் புதுத் தகட்டைத் தட்டி வைக்கச் சொல்ல வேண்டியதுதான்.