டச்சு மொழி எனக்குக் கற்பித்த பாடம்



முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்றவன் நான். நெதர்லாந்தில் வளரும் என் பேரனுடன் அவன் பள்ளியில் பேசும் மொழியிலேயே பேச விரும்பி, அறுபது வயதுக்குமேல் டச்சு இலக்கணத்தைக் கையில் எடுத்தேன்.

முதலில் உடைமைச் சொற்கள். ‘மெய்ன்’ என்றால் என்னுடைய; ‘ஸெய்ன்’ அவனுடைய; ‘ஹார்’ அவளுடைய. இவை எளியவை. ஆனால் ‘எங்கள்’ என்பதற்கு ‘ஒன்ஸ்’, ‘ஒன்ஸெ’ என இரு வடிவங்கள் உண்டு. தமிழில் கேட்பவரையும் சேர்த்தால் ‘நம்’ என்கிறோம். சேர்க்காவிடில் ‘எங்கள்’ என்கிறோம். டச்சு மொழியோ கேட்பவரை நோக்குவதில்லை; உடைமையாகிய பொருளின் பெயரை நோக்குகிறது. ‘ஹெட்’ என்னும் முன்சொல்லை ஏற்கும் ஒருமைப் பெயருக்கு ‘ஒன்ஸ்’. ‘டெ’ ஏற்கும் பெயருக்கும், எல்லாப் பன்மைகளுக்கும் ‘ஒன்ஸெ’. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர் வாயிலாக, அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ என்னும் சொல் ஈழத்தமிழில் புகுந்தது. டச்சில் அது ‘ஹெட் கன்டோர்’. ஆகவே எங்கள் அலுவலகம் ‘ஒன்ஸ் கன்டோர்’. எங்கள் அலுவலகங்கள் ‘ஒன்ஸெ கன்டோரென்’.

அடுத்து வினைச்சொற்கள். “மேசைமேல் தட்டு இருக்கிறது” என்பதை டச்சில் சொல்ல முயன்று, தட்டு ‘கிடக்கிறது’ என்றேன். பேரன் சிரித்துவிட்டான். “தாத்தா, தட்டு நிற்கும்!” என்றான். அடிப்பாகத்தின்மேல் அமைந்த தட்டு அவர்களுக்கு நிற்கிறது. புத்தகம் மேசைமேல் கிடக்கிறது. அலமாரியில் செங்குத்தாக வைத்தால் நிற்கிறது. சட்டைப்பைக்குள் உள்ள சாவி உட்கார்ந்திருக்கிறது! செய்தித்தாளில் செய்தியும் நிற்கிறது. நம்முடைய ‘இருக்கிறது’ ஒன்றுக்கு அங்கே இத்தனை வினைகள்.

‘தெரியும்’ என்பதும் அவ்வாறே. ஒரு செய்தி தெரியுமானால் ‘வேட்டென்’. ஒருவரோடு பழக்கம் உண்டானால் ‘கென்னென்’. “அவர் எங்கே வசிக்கிறார் என்று தெரியும்” என்பதற்கு முன்னது. “அவரைத் தெரியும்” என்பதற்குப் பின்னது.

ஆகவே, பிறமொழி பயில்வோர் “இச்சொல்லுக்கு ஈடான சொல் யாது?” என்று மட்டும் கேட்டல் போதாது. “இம்மொழி எதைக் கவனிக்கிறது?” என்றும் கேட்டல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. ஆங்கிலப் பாடத்தில் பிழை செய்த பிள்ளைகளைக் கவனமற்றவர்கள் என்று கடிந்து, சிவப்பு மையால் எத்தனையோ தாள்களைக் கீறியிருக்கிறேன். அவற்றுள் பல பிழைகள் கவனக்குறைவால் நேர்ந்தவை அல்ல. தாய்மொழியின் ஒழுங்கைப் பிறமொழியில் தேடியதால் நேர்ந்தவை. என் பேரனின் சிரிப்பு அதை உணர்த்திற்று. அப்பிள்ளைகளிடம் இன்று சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்: பிழைக்கு நாணாதீர்கள், அதன் காரணத்தைத் தேடுங்கள்.