சிங்கப்பூரில் எட்டு மணி நேர டிரான்சிட்: ஊருக்குள் போய் வரலாமா?

காங்கேயம், வெள்ளகோவில், திருப்பூர் பகுதிகளிலிருந்து பின்னலாடை வியாபாரத்திற்காகவும், ஆஸ்திரேலியாவிலோ மலேசியாவிலோ வாழும் பிள்ளைகளைப் பார்க்கவும் நம் சகோதர சகோதரிகள் வெளிநாடு செல்கிறார்கள். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால், பலர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி அடுத்த விமானம் ஏறுகிறார்கள். இடையில் ஏழெட்டு மணி நேரம் கிடைக்கும்போது, "வெளியே போய் வரலாமா?" என்ற கேள்வி எழுகிறது. போய் வரலாம். ஆனால் விசா, நேரம், தொழுகை ஆகிய மூன்றின் கணக்கும் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும்.

விசா: டிக்கெட் போடும்போதே பாருங்கள்

இந்தியப் பாஸ்போர்ட்டில் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். ஒரே டிக்கெட்டில் கடைசி ஊர் வரை பெட்டி போய்ச் சேரும் என்றால், விசா இல்லாமல் விமான நிலையத்தின் டிரான்சிட் பகுதியிலேயே இருந்துகொள்ளலாம். சிக்கல் வருவது, விலை மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுக்கும்போதுதான். அப்போது பெரும்பாலும் குடியேற்றச் சோதனையைக் கடந்து, பெட்டியை எடுத்து, மீண்டும் செக்-இன் செய்ய வேண்டிவரும். விசா இல்லாவிட்டால் அந்தப் பயணம் கோவையிலேயே நின்றுபோகலாம். வயதான பெற்றோரைத் தனியே அனுப்பும் பிள்ளைகள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு, நிபந்தனைகளுடன் 96 மணி நேரம் வரை விசா இன்றித் தங்கும் வசதி உண்டு. அனுமதிப்பது அதிகாரியின் முடிவு. உள்ளே நுழைவோர் அனைவரும், வந்து சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளங்களிடம் ஏமாற வேண்டாம்.

நேரம்: எட்டில் மிஞ்சுவது இரண்டு

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இறங்கியவுடன் கைக்கடிகாரத்தை மாற்றிவிடுங்கள். அடுத்த விமானத்தின் டிக்கெட்டில் இருப்பது சிங்கப்பூர் நேரம்.

எட்டு மணி நேரத்தில் இறங்கி வெளியே வர 1 மணி நேரம், நகருக்குப் போக 1, திரும்பி வர 1, அடுத்த விமானத்திற்கு முன்னதாக 3 என்று ஒதுக்கினால், கையில் மிஞ்சுவது 2 மணி நேரம்தான். ஆறு மணி நேரத்திற்கும் குறைவாக இருந்தால் வெளியே போகும் எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது. முஸ்தஃபா சென்டரில் கடை பார்க்க ஆரம்பித்தால் அந்த இரண்டு மணி நேரமும் போதாது.

எங்கே போவது?

இரண்டு மணி நேரத்தில் ஒரு நகரத்தைப் பார்க்க முடியாது. ஒரு தெருவைப் பார்க்கலாம். நமக்கு அது தெலுக் ஆயர் தெரு. விமான நிலைய எம்.ஆர்.டி. ரயிலில் ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் டவுன்டவுன் பாதைக்கு மாறினால், நேராகத் தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்கலாம். வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதி திறக்கப்பட்ட வங்கி அட்டையையே வாயிலில் தொட்டுச் செல்லலாம். ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையில் குடும்பம் முழுவதும் போக முடியாது. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. வழி தெரியாவிட்டால் தமிழரைக் கண்டு தயங்காமல் தமிழில் கேளுங்கள்.

இன்று உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்திருக்கும் இந்தத் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. கடலைத் தூர்த்த பிறகே கரை தள்ளிப்போனது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த 'சூலியா' எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் இங்கேதான் கரையிறங்கினார்கள். 1827-ல் ஒரு கீற்றுக் குடிசையாகத் தொடங்கிய அல்-அப்ரார் பள்ளிவாசலை மக்கள் 'குச்சுப் பள்ளி' என்றே அழைத்தார்கள். அதே தெருவில் 1828-1830-ல் எழுந்த நாகூர் தர்கா கட்டடம், இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். 1826-ல் நிறுவப்பட்டது. பக்கத்திலேயே 1827-ல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில். பிழைக்க வந்த இடத்தில் நம் மக்கள் ஒருவருக்கொருவர் அண்டை வீட்டாராக வாழ்ந்ததற்கு அந்தச் சாலை சாட்சி.

தொழுகை

அங்கே லுஹர் நேரம் தொடங்குவதே பகல் 1 மணியை ஒட்டித்தான். மஃரிப் ஏறத்தாழ 7 மணி. சிங்கப்பூர்ப் பள்ளிவாசல்களின் நேர அட்டவணை ஷாஃபிஈ மத்ஹப்படி அமைந்தது. ஆகவே ஹனஃபிகளாகிய நம் பகுதியினர் அஸர் நேரத்தைத் தனியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பயணி தனியாகத் தொழுதால் நான்கு ரக்அத் ஃபர்ளைக் கஸ்ராக இரண்டாகத் தொழுவார். உள்ளூர் இமாமின் பின்னால் தொழுதால் நான்கையும் முழுமையாகத் தொழ வேண்டும். வெளியே போக நேரமில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், விமான நிலையத்தின் உள்ளேயே தொழுகை அறைகள் உள்ளன.

இறுதியாக ஒன்று. வாயில் போடும் புகையிலை, சூயிங்கம், மின்சிகரெட் எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். அங்கே அவற்றுக்குத் தடை உள்ளது. யாராவது கொடுத்தனுப்பும் பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். திரும்பும் நேரத்தை முதலில் குறித்துவிட்டுப் புறப்பட்டால், அந்தச் சில மணி நேரமும் இன்ஷா அல்லாஹ் பயனுள்ளதாக அமையும்.