ஒரே பெயர், ஒரே முகவரி

அந்தமான் தீவுகளில் கடையும் கைத்தொழிலும் நடத்தும் தமிழர்க்கு அரசாங்கக் கடன் திட்டங்கள் பெருந்துணையாகும். 2015 ஏப்ரல் 8-இல் தொடங்கப்பெற்ற முத்ரா திட்டத்தில் ஈடு கேளாமல் கடன் அளிக்கின்றனர். 2024-இல் அதனோடு சேர்ந்த ‘தருண் பிளஸ்’ என்னும் பிரிவில் 20 இலட்சம் ரூபாய் வரை பெறலாம். ஆனால், முந்தைய தருண் கடனை ஒழுங்காகத் தீர்த்தவர்க்கே அது உரியது. தீர்த்தவர் நாமே என்பதற்கு ஏடுகளில் நம் பெயர் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

இங்கேதான் நமக்கு இடர்ப்பாடு நேர்கிறது. நம் முன்னெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது. குடும்பப் பெயர் அன்று. படிவங்களோ குடும்பப் பெயரைக் கேட்கின்றன. மு. செல்வம் என்று ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். ஆதாரில் அவர் மு. செல்வம், முன்னெழுத்தை விரித்தெழுத வேண்டிய பான் அட்டையில் செல்வம் முருகன், வங்கியிலோ முருகன் செல்வம். பெயரில் ழகரம் இருப்பின் ஆங்கில எழுத்துக்களும் இடத்துக்கு இடம் வேறுபடும்.

கடன் தகவல் நிறுவனங்கள் பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டே ஒருவரது கடன் வரலாற்றைத் தொகுக்கின்றன. அவை முரண்பட்டால் ஒருவரே இருவராகத் தோன்றக்கூடும். ஒழுங்காகக் கட்டிய தவணைகள் கணக்கில் வாரா. பிறர் பாக்கி நம்மேல் ஏறவும் கூடும்.

தீவுகளில் ஊர்ப்பெயர்களும் மாறியுள்ளன. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு என்றும், நீல் ஷஹீத் தீவு என்றும் ஆயின. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பழைய பத்திரங்களிலோ பழைய பெயரே நிற்கிறது. ஆகவே விண்ணப்பத்துடன் இரு பெயர்களையும் வங்கிக்குத் தெரிவித்து, அஞ்சல் குறியீட்டு எண்ணையும் பிழையின்றி எழுதுதல் நன்று.

விண்ணப்பிக்கும் முன் ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம், உத்யம் பதிவுச் சான்று ஆகியவற்றை அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. வேறுபாடு காணின் முதலில் அதனைத் திருத்துக. உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. எனவே இடைத்தரகரை நாட வேண்டுவதில்லை. கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கொருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். அதில் பிழை கண்டு முறையிட்டபின் 30 நாட்களுக்குள் தீர்வு கிட்டாவிடில், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கோரலாம்; இவ்விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

கடல் கடந்து வந்து உழைத்துச் சேர்த்த நற்பெயர், எழுத்து வேறுபாட்டால் வீணாகாதிருக்க இவ்வளவே வேண்டும்.