744இல் தொடங்கும் முகவரி

அந்தமானில் இருந்துகொண்டு செல்போனில் பொருள் வாங்குவது ஒரு கலை. தேடிப் பிடித்து, விலையும் ஒத்துவந்து, கடைசியில் முகவரியைத் தட்டும்போதுதான் சிக்கல். பின்கோடு 744இல் தொடங்கினால் 'இந்த இடத்துக்கு அனுப்ப இயலாது' என்று கைவிரிக்கும் விற்பனையாளர்கள் நிறையப் பேர். தீவுவாசிகள் பழகிவிட்டார்கள். சென்னையில் உள்ள உறவினர் வீட்டுக்கு வரவழைத்து, கப்பல் ஏறும் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்கிறார்கள்.

பழைய ஏற்பாட்டைத் தலைகீழாக்குவதற்கு வணிக உலகில் இன்று தனி மரியாதை. 'டிஸ்ரப்ஷன்' என்கிறார்கள். மொழிபெயர்க்க உட்கார்ந்தால் 'சீர்குலைவு' என்றுதான் பேனா போகிறது. பாராட்டாகச் சொன்னதை வசவாக மாற்றிவிடக் கூடாதே என்று அடித்துவிடுவேன். அந்தமானைப் பொறுத்தவரை அடித்திருக்க வேண்டியதில்லை.

2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. செல்போனிலேயே பணம் கட்டுங்கள் என்று நாடு முழுவதும் அறிவுரை. அப்போது தீவுகளின் இண்டர்நெட் செயற்கைக்கோளை நம்பி இருந்தது. தகவல் சுமார் 36,000 கி.மீ. மேலே போய், அதே தூரம் கீழே இறங்க வேண்டும். பதிலுக்கும் அதே பயணம். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் அரை விநாடி என்பது பெரிதல்ல. ஆனால் பெருநகர வேகத்தை மனதில் வைத்து உருவாக்கிய பக்கங்களில் படங்களும் துணுக்குகளுமாக எத்தனையோ. தீவுகள் அனைத்தும் பங்கிட்டுக்கொண்ட அந்தக் குறுகிய பாதையில் இவை எல்லாம் ஏறி இறங்க வேண்டும்.

2017இல் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒரு டிக்கெட்டுக்குப் பணம் கட்ட முயன்றேன். ஓடிபி எண் வந்துவிட்டது. அதைப் பதிய வேண்டிய கட்டம் திறப்பதற்குள் எண்ணின் கெடு முடிந்துவிட்டது. மூன்று முறையும் இதே கதை. தவறு என்னுடையது என்கிற தொனியில், 'மீண்டும் முயலவும்' என்றது திரை. விடுதிக்காரர் சிரித்துக்கொண்டே கவுன்டருக்கு வழி சொன்னார். கெடுவை இன்னும் ஐந்து நிமிடம் நீட்டியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தீவிலிருந்தும் ஒருவர் டிக்கெட் வாங்குவார் என்று வடிவமைத்தவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இத்தனைக்கும், இண்டர்நெட் இல்லாத சாதாரண போனில் *99# அழுத்திப் பணம் அனுப்பும் முறை 2014இலேயே நாடெங்கும் வந்திருந்தது. அதை யோசித்தவர்களும் இதே நாட்டில்தான் இருந்தார்கள்.

சென்னையிலிருந்து கடலடி வழியாக ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளக் கண்ணாடி இழை வடம் வந்தது 2020 ஆகஸ்ட் 10இல். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேர் தவிர கார் நிகோபார், கமோர்ட்டா, ரங்கத் உள்ளிட்ட மேலும் ஏழு இடங்களில் அது கரையேறியது. 2011 கணக்கெடுப்பின்படி ஆட்கள் வசிக்கும் தீவுகள் 31.

வடம் வந்தபின் வேகம் கூடிவிட்டது உண்மை. விளம்பரம் கண்ணிமைப்பதற்குள் வந்து நிற்கிறது. பொருள்தான் சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம் செய்கிறது. அதுவும் விற்பவர் 744க்கு அனுப்பச் சம்மதித்தால்.