தேயிலைத் தூசி: கணக்குப் புத்தகத்தில் ஏறாத செலவு

இப்பகுதியில் வழமையாக விலை, கடன், வரி பற்றியே எழுதி வருகின்றோம். இவ்வாரம் இருமலைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கடைவீதிகளில் தேயிலைத் தூளை மொத்தமாக எடுத்துப் பொதி செய்து விற்கும் கடைகளின் பின்னறைக்குப் போய்ப் பாருங்கள். சாக்கை அவிழ்த்துக் கொட்டும்போது மெல்லிய கபில நிறத் தூசி எழும்பி, லைட் வெளிச்சத்தில் வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும். ஜன்னல் குளிருக்காக மூடியிருக்கும். பொதி கட்டும் பையன் இருமுவான். கல்லாவில் இருக்கும் முதலாளியும் இருமுவார். கேட்டால், "மலைநாட்டுக் குளிர்தானே நானா, அது அப்படித்தான்" என்பார்கள்.

குளிரின் மீது பழியைப் போடுவது இலகு. ஆனால் இந்த இருமலுக்கு நூறு வருடங்களுக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். 1903இல் இலங்கைக்கு வந்து கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய வைத்தியர் அல்டோ காஸ்டெல்லானியும், அல்பர்ட் சால்மர்ஸும் சேர்ந்து எழுதிய வெப்பவலய மருத்துவ நூலின் 1919ஆம் ஆண்டுப் பதிப்பில் 'தேயிலைத் தொழிற்சாலை இருமல்' என்றே ஒரு நோய் குறிப்பிடப்பட்டுள்ளது. தேயிலையை முகர்ந்து தரம் பார்ப்பவர்களுக்கு வரும் இருமலையும் அவர்கள் தனியாக எழுதியிருக்கின்றார்கள். பின்னர் மார்பு நோய் வைத்தியர் சி.ஜி. ஊரகொட, தேயிலைத் தூசியைச் சுவாசித்து ஆஸ்துமா வந்த ஒரு டீ மேக்கரைப் பற்றி 1970இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். 1980இல் தேயிலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து, நாட்பட்ட மார்புச் சளியும் ஆஸ்துமாவும் அவர்களிடம் கூடுதலாக இருப்பதைக் காட்டினார். தோட்டத்து டீ மேக்கர் என்றால் தொழிற்சாலைக்கே பொறுப்பான உத்தியோகத்தர். அவருக்கே இந்த நிலை என்றால், சலிக்கும் அறையில் நாள் முழுவதும் நிற்பவரின் நிலை என்ன?

தேயிலைக் கொழுந்தின் அடிப்பக்கத்தில் பட்டுப் போன்ற நுண்ணிய மயிர்கள் உண்டு. இலையை உருட்டி, உலர்த்தி, சலிக்கும்போது இவை உடைந்து பஞ்சு போலப் பறக்கின்றன. தூள் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குத் தூசியும் அதிகம். எனவே 'டஸ்ட்' தரத்தில் வியாபாரம் செய்பவர்களே கூடுதலாகச் சுவாசிக்கின்றார்கள். பச்சைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஆஸ்துமா வந்தவர்களை ஆராய்ந்த ஜப்பானிய வைத்தியர்கள், தேயிலையில் இயற்கையாக உள்ள ஒரு கெட்டகின் பொருளே ஒவ்வாமைக்குக் காரணம் எனக் கண்டார்கள். அதாவது, தேநீரில் நல்லது என்று விளம்பரம் செய்யப்படும் அதே சரக்கு, தூசியாக நெஞ்சுக்குள் போனால் சிலருக்கு எதிரியாகின்றது.

தேயிலை வியாபாரிகள் மட்டும் என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கொச்சிக்காய் அரைக்கும் மில்காரர்களைப் பற்றி ஊரகொட 1967இலேயே எழுதினார். 1984இல் கறுவாத் தொழிலாளர்களை ஆராய்ந்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தது. பேக்கரிக்காரர்களின் மா ஆஸ்துமா உலகம் முழுவதும் அறிந்த ஒன்று. விறகு அடுப்பில் சமைக்கும் ஹோட்டல்களுக்குத் தூசிக்குப் பதில் புகை. 2022 நெருக்கடியில் கேஸ் கிடைக்காமல் விறகுக்குத் திரும்பியவர்களுக்கு இது புரியும். லயன் காம்பராக்களில் புகைபோக்கி இல்லாத அடுப்போடு வாழும் தாய்மாரின் நெஞ்சுக்குள்ளும் இதே புகைதான் போகின்றது.

இது குளிரா, தூசியா என்று அறிவது எப்படி? வைத்தியர்கள் கேட்கும் முதல் கேள்வி மிக எளிமையானது: லீவில் இருமல் குறைகின்றதா? பெருநாளைக்கு ஒரு வாரம் அக்குறணைக்கோ கம்பளைக்கோ ஊருக்குப் போகும்போது நெஞ்சு லேசாகி, கடை திறந்த இரண்டாம் நாள் மீண்டும் இறுக்கமும் இழுப்பும் வந்தால், பிழை காலநிலையில் இல்லை. சிலருக்கு வேலை நேரத்தில் அல்ல, இரவு படுத்த பிறகே இழுப்பு வரும். அதனால் கடையைச் சந்தேகிக்கவே மாட்டார்கள். ஊதிப் பார்க்கும் சிறிய பிளாஸ்டிக் மானி ஒன்று இருக்கின்றது. வேலை நாளிலும் லீவு நாளிலும் அதில் ஊதி எழுதிவைத்த கொப்பியை வைத்தியரிடம் காட்டினால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

தொழிலால் வந்த ஆஸ்துமாவில் மிக முக்கியமான விடயம் காலம். அறிகுறி தொடங்கிச் சில மாதங்களுக்குள் தூசியில் இருந்து விலகியவர் முற்றாகச் சுகமடைய நல்ல வாய்ப்பு உண்டு. வருடக்கணக்கில் அதே அறையில் இருந்தவருக்கு, பின்னர் விலகினாலும் நோய் தங்கிவிடலாம். பொதி கட்டும் பையனைக் கவுண்டருக்கோ டெலிவரிக்கோ மாற்ற முதலாளிக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் இருமுகின்றான் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என அவன் பயந்தால், இருமலை மறைப்பான். அவனுக்கு அந்தப் பயம் வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கின்றது.

இனி மருந்துக்கு வருவோம். நுரையீரல் மருத்துவத்தில் அண்மைக்காலத்தின் பெரும் வெற்றி சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் கிடைத்தது. சளி பசை போல் இறுகி, சிறு வயதிலேயே நுரையீரலைக் கெடுக்கும் நோய் இது. அதற்கான மரபணு 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் நோயாளிகளின் குடும்பங்கள் நிதி சேர்த்து நடத்தும் ஒரு தர்ம நிறுவனம் மருந்துக் கம்பனியின் ஆராய்ச்சியில் முதலிட்டது. 2014இல் தனது பங்குரிமையை 330 கோடி டொலருக்கு விற்றது. நன்கொடைப் பணத்தைச் செலவழிக்காமல் முதலிட்டு வளர்த்த இந்தக் கதையை நமது வக்பு சொத்துப் பொறுப்பாளர்கள் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். மறுபக்கமும் உண்டு. 2019இல் வந்த மூன்று மருந்துக் கூட்டு மாத்திரைக்கு அமெரிக்காவில் வருடத்துக்கு மூன்று லட்சம் டொலருக்கும் மேல் விலை வைத்தார்கள். நமது பகுதியில் இந்நோய் அரிது எனக் கருதப்பட்டாலும், பெற்றோர் இருவரிடமும் குறையுள்ள மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது. அடிக்கடி நெஞ்சுச் சளி, எடை ஏறாமை, முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் தோல் ஆகியவை சேர்ந்து பிள்ளையிடம் காணப்பட்டால் வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள்.

நமது கடைத்தெருவுக்கு வேண்டிய மருந்தோ அந்த விலையில் இல்லை. வெகுகாலமாகவே இருக்கின்றது, நாம் பாவிப்பதுதான் பிழை. சல்பியூட்டமோல் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். அதே மருந்தை இன்ஹேலரில் இரண்டு தடவை இழுத்தால் 200 மைக்ரோகிராம்தான். இருபதில் ஒரு பங்கு மருந்து, தேவையான இடத்துக்கு நேரே போகின்றது. மாத்திரையோ உடம்பு முழுவதும் சுற்றி, கை நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் தந்துவிட்டே மூச்சுக்குழாய்க்கு வருகின்றது. இருந்தும் 'பம்ப் பழகிப் போகும்' என்ற பயத்தில் மாத்திரையையே வாங்குகின்றோம்.

இன்னொரு பிழை, இழுப்பு வரும்போது மட்டும் நீல நிற இன்ஹேலரை இழுத்துவிட்டு விடுவது. அது மூச்சுக்குழாயைச் சிறிது நேரம் விரிக்குமே தவிர, உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தை ஆற்றுவது பெக்லோமெத்தசோன், பியூடசோனைட் போன்ற தடுப்பு மருந்து. உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான 'ஜினா' 2019இல் ஒரு பெரிய மாற்றத்தை அறிவித்தது. பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நிவாரணி இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம், தடுப்பு மருந்தும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே அது. இதை அறியாமல் மாதம் ஒரு நீல இன்ஹேலரை முடிப்பவர்கள் ஆபத்தில் இருக்கின்றார்கள். விலைக்குப் பயந்தால் பிராண்ட் பெயரை விட்டு மருந்தின் பெயரைச் சொல்லி ஒசுசலவில் கேளுங்கள். இன்ஹேலரோடு பொருத்தும் குழாய் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் சரியான அளவில் துளையிட்டுப் பொருத்தினாலும் கடையில் விற்கும் குழாய்க்கு ஈடாக வேலை செய்யும் என்று தென்னாபிரிக்க வைத்தியர்கள் 1999இலேயே நிரூபித்தார்கள். பொருத்தும் முறையை கிளினிக்கில் கேட்டுக்கொள்ளவும்.

மருந்தைவிட மலிவு, தூசியை எழும்பவிடாமல் தடுப்பது. உயரத்தில் இருந்து கொட்டாமல் சாக்கின் வாயைத் தொட்டிக்குள் இறக்கிக் கொட்டினால் பாதித் தூசி எழும்பாது. சீலிங் ஃபேன் தூசியைச் சுழற்றுமே தவிர வெளியேற்றாது. கொட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே வெளியே தள்ளும் ஃபேன் வேண்டும். விளக்குமாறுக்குப் பதில் ஈரத் துணி. கைலேஞ்சியைக் கட்டுவதால் நுண்தூசி நிற்காது. கொரோனா காலத்தில் அறிமுகமான என்-95 முகக்கவசமே நிறுத்தும். மில் நடத்துபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, தொழிலாளர் தூசியைச் சுவாசிக்காமல் நடவடிக்கை எடுப்பது முதலாளியின் கடமை. பறந்து போகும் தூளும் நாம் காசு கொடுத்து வாங்கிய சரக்குத்தானே.

நோன்பு காலத்தில் இன்ஹேலர் பற்றிப் பலரும் கேட்கின்றார்கள். இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். தடுப்பு மருந்து பெரும்பாலும் காலை, மாலை இரு வேளைதான் என்பதால் ஸஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் என வைத்தியரிடம் மாற்றிக்கொள்ளலாம். அதை ஒழுங்காக எடுப்பவருக்குப் பகலில் நிவாரணி தேவைப்படுவதும் குறையும். கடும் இழுப்பு வந்துவிட்டால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பாவிக்கத் தயங்க வேண்டாம்.

இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால் தூசி என்று நாமாகவே முடிவு செய்யாமல், முதலில் காசநோய்க்காகச் சளியைப் பரிசோதிக்க வேண்டும். மாவட்ட மார்பு நோய் கிளினிக்கில் இதற்குக் கட்டணம் இல்லை. பையனை அனுப்பும் நாளில் அவனுடைய நாட்கூலியை வெட்டாதீர்கள்.